ஆணியில்லாத கொட்டகை

மேல்வளிமண்டலத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போவதாக நாச்சம்மாள் வீட்டில் சொன்னபோது அவள் அப்பா சின்னையன் கேட்டது ஒன்றுதான். அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? நூறு கிலோமீட்டர் என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் குருவாயூர் போகிற தொலைவுதான் என்றார். பிறகு மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊற வைக்கப் போய்விட்டார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

இது நடந்தது 1973இல். வேலந்தாவளத்துக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளி, நிலக்கடலையும் பருத்தியும் விளையும் மேட்டுக்காடு அவர்களுடையது. அக்கா மருதாத்தாளுக்குப் பதினேழு வயதில் கல்யாணம் ஆகியிருந்தது. நாச்சம்மாள் பாலக்காட்டுச் சித்தூர்க் கல்லூரியில் இயற்பியல் படித்து, எம்.எஸ்ஸி.யும் முடித்து, இருபத்து மூன்று வயதில் வீட்டில் இருந்தாள். அம்மா காளியாத்தாளுக்கு ஆராய்ச்சி என்ற பேச்சே பிடிக்கவில்லை. இரண்டு வருடம் கெடு வைத்தாள். அதற்குப் பிறகு கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் நம்பீசன் என்ற பேராசிரியர். அதிகம் பேசாதவர். தலைக்கு மேல் நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல் வேளையில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது என்பதும், அது பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி ஒரு பட்டையாக ஓடுகிறது என்பதும், அந்தக் கோடு கேரளத்தின் தென்கோடிக்கு அருகில் செல்கிறது என்பதும் அப்போதே தெரிந்தவை. சில நாள் பிற்பகலில் அந்த ஓட்டம் காரணம் தெரியாமல் திசை மாறி மேற்கு நோக்கித் திரும்பிவிடும். அப்படித் திரும்புகிற நாட்களில் அது வடக்கே எவ்வளவு தூரம் வரை தெரிகிறது என்பதே நம்பீசன் அவளுக்குக் கொடுத்த கேள்வி. அதற்குக் கருவியை வடக்கே, சந்தடியில்லாத இடத்தில் வைக்க வேண்டும். தேவிகுளத்திலிருந்து ஒரு மைலில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில், பழைய கருங்கல் கொட்டகை ஒன்று கிடைத்தது.

கருவி என்பது பட்டுநூலில் தொங்கும் சின்னக் காந்தம். அதில் ஒட்டிய கண்ணாடித் துண்டு ஒளியை வாங்கி, கடிகாரத்தோடு சுற்றும் உருளையின் மேல் இருக்கும் புகைப்படத் தாளில் விழச் செய்யும். வானத்து மின்னோட்டம் கூடினாலும் குறைந்தாலும் காந்தம் மயிரிழை அளவு திரும்பும், தாளில் கோடு ஏறி இறங்கும். பக்கத்தில் இரும்பு இருந்தாலும் அது திரும்பும். அதனால் கொட்டகையின் தகரக் கூரையை எடுத்துவிட்டு ஓடு வேய்ந்தார்கள். கதவில் இருந்த ஆணிகளைப் பிடுங்கி மர முளைகளை அடித்தார்கள். பூட்டும் சாவியும் பித்தளை. குடையைக்கூட முப்பதடிக்கு அப்பால் ஒரு கொய்யா மரத்தில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 1974 ஜூன் பத்தாம் தேதி முதல் தாளைச் சுற்றினாள். அன்றைக்கு மழை பிடித்து ஆகஸ்ட் வரை விடவில்லை.

கொட்டகையைப் பெருக்கித் துடைக்கவும், மாடு வராமல் பார்த்துக்கொள்ளவும் ஜூன் கடைசியில் சந்தனம் என்ற பெண் அமர்த்தப்பட்டாள். முப்பத்தாறு வயது. கயத்தாறுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கொழுந்து கிள்ளி மணிக்கட்டு வீங்கிப்போனதால் தோட்ட வேலையை விட்டவள். காலை ஒன்பதரைக்கு வந்து, பத்து மணி வாக்கில் கருவி இருக்கும் கல்தூணின் அடியில் குனிந்து ஈரம் துடைப்பாள். அறையில் ஈரம் சேர்ந்தால் கண்ணாடி மங்கிவிடும். நாச்சம்மாளைப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள் என்றே தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளான லயங்களில் இருந்தவர்கள் நினைத்தார்கள். எல்லோரும் டீச்சர் என்றார்கள், சந்தனமும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது நாச்சம்மாளுக்கு ஒன்று கண்ணில் பட்டது. சில நாட்களில் காலை பத்து மணி அளவில் கோட்டில் சிறிய மேடு ஒன்று எழுந்து அடங்குகிறது. ஜூலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. ஆகஸ்ட் ஐந்து முதல் எட்டு வரை. இப்போது செப்டம்பர் ஒன்று முதல் நான்கு வரை. இடைவெளி இருபத்தேழு நாள்.

பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற இருபத்தேழு நாள் ஆகும். சூரியனில் கலக்கம் உள்ள பக்கம் நம்மை நோக்கித் திரும்பும்போதெல்லாம் காந்த ஊசி அசையும் என்பது பாடப் புத்தகத்தில் உள்ளது. ஆனால் தினமும் அதே நேரத்தில், அதே வடிவத்தில் வருகிற மேட்டைப் பற்றி அவள் எங்கும் படித்ததில்லை. ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பேராசிரியருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினாள். அதைத் தபாலில் போடுவதற்கு முன் தெற்கே இருந்த இன்னொரு நிலையத்தின் தாள்கள் வரட்டும் என்று காத்திருந்தாள். அவை வந்தன. அந்த நாட்களில் பத்து மணிக்கு அங்கே கோடு நேராக இருந்தது.

சூரியன் தேவிகுளத்துக்கு மட்டும் தனியாக உதிப்பதில்லை. அன்று மாலை அந்தக் கடிதத்தை எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி காலை, சந்தனம் துடைத்துவிட்டு வெளியே வந்ததும் அவளை நிறுத்தினாள்.

“அக்கா, இரும்பு ஏதாச்சும் மேல வெச்சிருக்கீங்களா? கோவிச்சுக்காதீங்க. கருவில தெரியுதுங்க.”

சந்தனம் உடனே இல்லை என்றாள். பிறகு முகம் கறுத்துப் போயிற்று. அந்தக் கருவி என்னென்ன பார்க்கும் என்று கேட்டாள். இரும்பை மட்டும்தான் என்று நாச்சம்மாள் சொன்ன பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஊக்கு ஒண்ணு இருக்கு டீச்சர். சொல்லக் கூடாத எடத்துல இருக்கு. துணி நிக்கணும்லா. நாலு நாளைக்கித்தான்.”

நாச்சம்மாளுக்கு அப்போது முதலில் தோன்றியது வெட்கம் அல்ல, ஏமாற்றம். மூன்று மாதத் தாள்களில் அவள் சூரியன் என்று நினைத்தது இதுதான். அதன்பிறகே எதிரில் நிற்பவளின் முகத்தைப் பார்த்தாள். தான் ஊக்குப் போடுவதில்லை என்றும், நாடா தைத்து இடுப்பில் கட்டிக்கொள்வதாகவும் சொன்னாள். மறுநாள் இரண்டு நாடா தைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மேடு அதோடு நின்றது. பதிவேட்டில் அந்தந்தத் தேதிக்கு நேரே, காரணம் இன்னது என்று ஒரு வரி எழுதி வைத்தாள். பதிவேட்டில் உண்மையைத்தான் எழுத வேண்டும் என்பது நம்பீசன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

நாடாவை வாங்கிக்கொண்ட சந்தனம் போகாமல் நின்றாள். தன் மகள் முத்துக்கனிக்குப் பதின்மூன்று வயது என்றாள். இரண்டு மாதத்துக்கு முன் ஆளாகிவிட்டாள். அதிலிருந்து பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள், வயிற்றுக்குள் ஏதோ அழுகிவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு இருக்கிறாள். துணியைக் கூரை இடுக்கில் ஈரத்தோடு ஒளித்து வைத்து மறுபடி அதையே எடுக்கிறாள். இதை விளக்கிச் சொல்லத் தனக்கு வாய் வரவில்லை என்றாள்.

“நீங்க படிச்சவுக. ஒரு வார்த்த அவகிட்டச் சொல்லுங்க.”

நாச்சம்மாள் படித்தது மின்னோட்டத்தை. இந்த விஷயத்தில் அவளுக்குத் தெரிந்தது, பதிமூன்று வயதில் பச்சை ஓலைக் குடிசைக்குள் பதினைந்து நாள் இருந்ததும், வெளியே வந்தபோது மாமன் சீர் வைத்ததும்தான். ஏன் என்று அவளிடமும் யாரும் சொன்னதில்லை. ஆகவே அவள் தோட்டத்து மருந்தகத்துக்குப் போனாள். அங்கே கம்பவுண்டராக இருந்தவர் மத்தியாஸ், ஐம்பது வயதுக்காரர். நர்சுகளுக்கான மலையாளப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். பதின்மூன்று வருடமாக இங்கே இருப்பதாகவும், இந்த விஷயமாக ஒரு பெண் பிள்ளைகூடத் தன்னிடம் எதுவும் கேட்டதில்லை என்றும், கருவைக் கலைக்கக் கண்டதையும் குடித்துவிட்டு மயங்கிய நிலையில் தூக்கிக்கொண்டு வரப்பட்ட பிறகே தான் அவர்களைப் பார்த்திருப்பதாகவும் சொன்னார். புத்தகத்தை ஆறு நாளில் படித்தாள். புரியாத இடங்களை மத்தியாஸின் மனைவியிடம் கேட்டுக்கொண்டாள். அவர் ஒரு காலத்தில் மருத்துவச்சியாக இருந்தவர்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தேவிகுளத்தில் அவள் தங்கியிருந்த அறைக்கு முத்துக்கனியும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். வீணான புகைப்படத் தாளின் பின்பக்கத்தில் நாச்சம்மாள் படம் வரைந்து காட்டினாள். கருப்பை எங்கே இருக்கிறது, மாதாமாதம் அதற்குள் என்ன நடக்கிறது, துணியை ஏன் வெயிலில் காயப் போட வேண்டும், பிள்ளை எப்படி உண்டாகிறது, எதனால் உண்டாகாது. ஒரு சோதனையை விவரிப்பது போலத்தான் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். முத்துக்கனி படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழுகினது எதுவும் இதில் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றதும் அந்தத் தாளைத் தனக்குத் தர முடியுமா என்றாள். வாங்கி மடித்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டாள். புதன்கிழமை பள்ளிக்கூடம் போனாள்.

பிப்ரவரிக்குள் பத்தொன்பது பெண்கள் ஆகிவிட்டார்கள். அறை கொள்ளவில்லை, ஜன்னல் மேடையிலும் உட்கார்ந்தார்கள். பொன்னுத்தாய் என்ற பதினைந்து வயதுப் பெண் ஐந்து வாரம் வந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறாவது வாரம், எல்லோரும் எழுந்த பிறகு கேட்டாள்.

“கையப் புடிச்சா புள்ள உண்டாயிருமா டீச்சர்?”

யாரும் சிரிக்கவில்லை. உண்டாகாது என்று நாச்சம்மாள் சொன்னாள். பொன்னுத்தாய் மறுபடியும் அதையே கேட்டாள். மறுபடியும் அதே பதிலைச் சொன்னாள். அந்தப் பெண் சுவரில் சாய்ந்துகொண்டாள். இரண்டு மாதமாக ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள் என்று அவள் தோழி சொன்னாள். யார் கையைப் பிடித்தது என்று நாச்சம்மாள் கேட்டாள். ஜன்னல் மேடையில் இருந்த இன்னொருத்தி, எடைக் கொட்டகையில் கொழுந்தை நிறுத்துக் கணக்கு எழுதும் ரைட்டர் என்றாள். கொழுந்துக் கூடையை அம்மாவுக்குப் பதிலாக எடுத்துப் போகும் பெண்களை அவர் கடைசியாக நிற்கவைப்பார். தன்னிடமும் அப்படித்தான் நடந்துகொண்டார் என்றாள். இன்னும் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள்.

யாரிடம் போவது என்று நாச்சம்மாளுக்குத் தெரியவில்லை. சந்தனத்திடம் சொன்னாள். சந்தனம் அந்த நாலு பெண்களின் தாய்மாரிடம் தனித்தனியாகச் சொன்னாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எடைக்குப் பதினொரு பெண்கள் வந்தார்கள். கூடைகளைக் கொட்டகைக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். இந்த ஆள் தராசைத் தொட்டால் கொழுந்து கொடுக்க மாட்டோம் என்றார்கள். காரணம் கேட்ட அதிகாரியிடம் பொன்னுத்தாயின் அம்மா காரணத்தைச் சொன்னாள். வெயில் ஏறினால் கொழுந்து சிவந்து போய்விடும், தொழிற்சாலைக்கு ஆகாது. மத்தியானத்துக்கு முன் ரைட்டரை வேறு டிவிஷனுக்கு மாற்றினார்கள். அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை.

மார்ச் மாதம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு புகார் போயிற்று. ஆராய்ச்சிக்கு வந்த பெண் அரசாங்கக் கருவியைக் கவனிக்காமல் சின்னப் பிள்ளைகளுக்கு ஆபாசம் சொல்லிக்கொடுக்கிறாள், தொழிலாளரைத் தூண்டிவிடுகிறாள் என்று அதில் இருந்தது. முதல் கையெழுத்து தோட்டத்துச் சூப்பர்வைசர் பேச்சிமுத்துவுடையது. அடியில் ஆறு தகப்பன்மார் கையெழுத்து. ஒருவர் பொன்னுத்தாயின் அப்பா.

ஏப்ரல் பத்தாம் தேதி நம்பீசன் நேரில் வந்தார். குடையை மரத்தில் மாட்டினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே கல்லின் மேல் வைத்தார். புகாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தாள்களை எடுத்துவரச் சொன்னார். முந்நூற்று நான்கு நாள். அதில் இரண்டு நாள்தான் பதிவு இல்லை, இரண்டும் புயல் மழையில் விளக்கு அணைந்துபோன நாட்கள். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். ஜூலைப் பக்கத்தில் நின்றுவிட்டார். நாச்சம்மாள் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: ‘9 முதல் 12 வரை, காலை 10.05 முதல் 10.20 வரை விலகல். துடைக்க வந்தவர் உடையில் ஊக்கு. மாதவிடாய் நாட்கள். இயற்கை விலகல் அல்ல. கணக்கில் சேர்க்க வேண்டாம்.’ ஆகஸ்டிலும் அது இருந்தது. செப்டம்பரிலும் இருந்தது.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தேழு நாள் என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். நீ இதைச் சூரியன் என்று நினைக்கவில்லையா என்று கேட்டார். நினைத்ததாகவும், கடிதம் எழுதியதாகவும், அனுப்பவில்லை என்றும் சொன்னாள். எங்கே அந்தக் கடிதம் என்றார். இருக்கிறது என்றாள். அவர் அதைக் கேட்டு வாங்கவில்லை.

அவர் அவளைப் பாராட்டவும் இல்லை. வேலையில் குறை இல்லை என்று எழுதிவிடுவதாகச் சொன்னார். ஆனால் அந்த வகுப்புகள் துறையின் வேலை அல்ல; துறை வாடகை கொடுக்கும் அறையில் அவை நடக்கக் கூடாது என்றார். வேறொருவர் இடத்தில், ஞாயிற்றுக்கிழமையில் நடந்தால் என்று அவள் கேட்டாள். அவர் வாசலுக்குப் போய்க் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். அந்தக் கேள்வி என் காதில் விழவில்லை என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு மூணாறு பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

வகுப்பு மருந்தகத்தின் பின்னறைக்கு மாறியது. மத்தியாஸ் இரண்டு வாரம் தயங்கிய பிறகுதான் சாவியைத் தந்தார். தன் மனைவியும் கூட இருக்க வேண்டும் என்றார். பத்தொன்பது பேரில் எட்டுப் பேர்தான் வந்தார்கள். பொன்னுத்தாயை அவள் அப்பா விடவில்லை. அந்த வருடக் கடைசியில் அவளைக் கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன் ஒரு நாள் மருந்தகத்துக்கு வந்து, மத்தியாஸின் மனைவியிடம் கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனாளாம். என்ன கேட்டாள் என்று அந்த அம்மாள் நாச்சம்மாளிடம் சொல்லவில்லை.

செய்தி வேலந்தாவளத்துக்கும் போயிற்று. எப்படிப் போயிற்று என்பது தெரியவில்லை. செவ்வாய்ச் சந்தையில் மாடு வாங்க வந்த யாரோ சொல்லியிருக்கலாம். கொழிஞ்சாம்பாறை மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வருடத்துக்கு முன் அதே ஜாதகம் பொருந்தியிருந்தது. ஓணத்துக்கு நாச்சம்மாள் ஊருக்கு வந்தபோது அம்மா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் கடலைக்காய் உதறிக்கொண்டிருந்தபோதுதான் பேசினாள்.

“அந்தக் கருமத்தையெல்லாம் நீ எதுக்கு அம்மிணி பேசோணும்? பேச வேற ஆளில்லியா?”

இல்லை என்று நாச்சம்மாள் சொன்னாள். அதற்குமேல் வாதம் செய்யவில்லை. காளியாத்தாள் இரண்டு செடியை உதறிவிட்டுக் கையை நிறுத்தினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“எனக்கு நாலு மாசமா நிக்கறதே இல்லை. உங்கொப்பனுக்குத் தெரியாது.”

நாச்சம்மாள் அம்மாவின் கண் இமையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. நாற்பத்தெட்டு வயதில் இப்படித்தான் இருக்கும், தானாக நின்றுவிடும் என்று பக்கத்துக் காட்டுக்காரி சொன்னாளாம். அன்று மத்தியானமே அப்பாவிடம் சொல்லி, பஸ்ஸில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சின்னையன் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கருப்பையில் கட்டி இருந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, பத்து நாள் கழித்து அறுவை செய்தார்கள். கெட்ட கட்டி இல்லை, ஆனால் இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் ரத்தமே இருந்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். அந்த மூன்று வாரமும் தேவிகுளத்தில் தாள் மாற்றியது சந்தனம். நாச்சம்மாள் அவளுக்குப் பழக்கிவைத்திருந்தாள். ஒரு நாளும் தவறவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கல்யாணப் பேச்சைக் காளியாத்தாள் எடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு தடவை மருதாத்தாள் அந்தப் பேச்சைத் தொடங்கியபோது, அவ படிச்சு முடிக்கட்டும் என்று மட்டும் சொன்னாள்.

நிலையம் 1976 டிசம்பரில் மூடப்பட்டது. இரண்டரை வருடத் தாள்களில் பிற்பகல் ஓட்டம் திரும்பிய நாட்கள் நாற்பத்து மூன்று இருந்தன. அவற்றில் முப்பத்தொரு நாளில் அது தேவிகுளம் வரைக்கும் தெரிந்திருக்கிறது, தெற்கில் இருந்ததைவிட வலுக்குறைவாக. ஏன் திரும்புகிறது என்பதற்கு அவள் ஆய்வேட்டில் விடை இல்லை. அது அவளுக்குக் கொடுக்கப்பட்ட கேள்வியும் இல்லை. 1978இல் ஆய்வேட்டைக் கொடுத்தாள். மறு வருடம் பட்டம் வந்தது. ஆராய்ச்சிக்கூடங்களில் இரண்டு இடத்துக்கு விண்ணப்பித்தாள், இரண்டும் கிடைக்கவில்லை.

முத்துக்கனி பத்தாவதில் ஒரு முறை தோற்று, அடுத்த முறை தேறி, செவிலிப் பயிற்சிக்குப் போனாள். ரைட்டர் ஹெட் ரைட்டர் ஆனார். பேச்சிமுத்து கடைசி வரை நாச்சம்மாளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அவருடைய இளைய மகள் மருந்தகப் பின்னறைக்கு இரண்டு வருடம் வந்துபோனதை அவர் தடுக்கவில்லை.

1979 ஜூலையில் பாலக்காட்டுப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் நாச்சம்மாள் விரிவுரையாளராகச் சேர்ந்தாள். சேர்ந்த மாதமே, தேவிகுளத்தில் நடத்தியது போன்ற ஒரு வகுப்பு கேட்டு முதல்வருக்கு எழுதிக் கொடுத்தாள். முதல்வர் பாடத்திட்டம் கேட்டார். அதையும் கொடுத்தாள். தலைப்பைப் பொதுச் சுகாதாரம் என்று மாற்றினால் வெள்ளிக்கிழமை கடைசி மணி எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. முதல் வாரம் ஒன்பது பேர் வந்தார்கள். எதை வேண்டுமானாலும் கேட்கலாம், தனக்குத் தெரியாததை அடுத்த வெள்ளிக்குள் விசாரித்துச் சொல்வதாக அவர்களிடம் சொன்னாள். மூன்று வாரம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான்காவது வாரம் கடைசி பெஞ்சில் இருந்த ஒருத்தி கையைத் தூக்கினாள்.